சுருக்கிப் பூட்டும் மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் அரிசி ஆலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: பேக்கப்பை என்கிரிப்ட் (குறியாக்கம்) செய்யுமுன் எந்த அல்காரிதத்தால் சுருக்கலாம், எது அதிகம் சுருக்கும்? குறியாக்க மென்பொருளுக்கு இதை முதல் கேள்வியாக வைப்பதே தவறு. அந்தக் கோப்பில் விவசாயிகளின் பட்டா எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. ரகசியத்தோடு வெளியாள் எழுதிய எதுவும் சேர்ந்து சுருங்குகிறதா, சுருங்கிய அளவை யாரெல்லாம் பார்க்க முடியும் என்று கேட்டுவிட்டு அப்புறம் அல்காரிதத்துக்கு வாருங்கள்.

வரிசை மாறுவது எளிதில் பிடிபடும் தவறு. குறியாக்கம் செய்த தரவு தாறுமாறான பைட்டுகளாகத்தான் தெரியும்; அதில் திரும்ப வருவது எதுவும் இல்லாததால் சுருங்காது. தமிழ்க் கணக்கேடுகளுக்கு இது பெரிய நஷ்டம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘கும்பகோணம்’ 30 பைட். மும்மூன்றாக வரும் அந்தப் பைட்டுகளில் முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இவ்வளவு திரும்ப வரும் தரவு நன்றாகவே சுருங்கும். எனவே முதலில் சுருக்கம், பிறகு குறியாக்கம்.

ஆனால் அந்த வரிசையிலும் ஓர் ஆபத்து உண்டு. குறியாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும், நீளத்தை மறைக்காது. ஒரு சங்கத்தின் இணையதளம், நீங்கள் தேடிய சொல்லைப் பக்கத்தில் அப்படியே திருப்பிக் காட்டுகிறது என்று வையுங்கள். அதே பக்கத்தில் ‘டோக்கன்=’ என்று தொடங்கும் ரகசியமும் இருக்கிறது. தாக்குபவர் உறுப்பினரின் உலாவி வழியாக ‘டோக்கன்=1’, ‘டோக்கன்=2’ என்று வரிசையாகத் தேடல்களை அனுப்பவைத்து, வரும் பதில்களின் நீளத்தைப் பார்க்கிறார். சரியான எழுத்து விழும்போது ரகசியத்தோடு உள்ள ஒற்றுமை ஓர் எழுத்து நீள்வதால் பதில் பெரும்பாலும் ஒரு பைட் குறையும். அப்படியே எழுத்தெழுத்தாக முழு ரகசியமும் வெளியே வந்துவிடும், குறியாக்கச் சாவியைத் தொடாமலே.

2012இல் ‘க்ரைம்’, 2013இல் ‘ப்ரீச்’ என்ற தாக்குதல்கள் இதைச் செய்துகாட்டின. இணையத் தொடர்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையில், 2018இல் வந்த 1.3 பதிப்பில் தரவுச் சுருக்கமே கிடையாது. டிஃப்லேட் என்ற பழைய சுருக்க முறையை விட்டு, ப்ராட்லி, இசட்-ஸ்டாண்டர்ட் போன்ற புதிய முறைகளுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முன்பு வந்ததைச் சுட்டிக்காட்டிச் சுருக்கும் எல்லாவற்றிலும் இந்தக் கசிவு உண்டு. ஏதோ கொஞ்சம் பைட்டுகளைக் கண்டபடி சேர்ப்பதும் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. பல முறை அனுப்பிச் சராசரி எடுத்தால் உண்மையான நீளம் தெரிந்துவிடும். ரகசியத்தையும் வெளியாள் எழுத்தையும் ஒன்றாகச் சுருக்காமல் இருப்பதே வழி. முடியாவிட்டால் அந்த இடத்தில் சுருக்கமே வேண்டாம்.

இரவில் எடுக்கும் பேக்கப்பில் இப்படி யாரும் மாற்றி மாற்றி முயல முடியாது, சுருக்கலாம். ஆனால் அன்றன்றைய மாற்றத்தை மட்டும் அனுப்பினால், அதன் அளவே அன்று எத்தனை பதிவு ஏறியது என்று சொல்லிவிடும். குறுவை அறுவடை நேரத்தில் எந்த ஆலைக்கு எவ்வளவு நெல் வரத்து என்பது வியாபாரிகளுக்கு மதிப்புள்ள செய்தி. சுருக்கிய பிறகு, குறியாக்கத்துக்கு முன், வெற்றுப் பைட்டுகளைச் சேர்த்து அளவை 1 எம்பி, 2 எம்பி என்று முழுப் படிக்கு உயர்த்திவிடுங்கள்.

திறக்கும்போது, தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்காமலே விரிப்பதும் தவறு. டிஃப்லேட்டில் ஏறத்தாழ 1,000 மடங்கு வரை விரியும். 10 எம்பி கோப்பு 10 ஜிபி ஆகி கணினியின் வன்வட்டை நிரப்பிவிடும். குறியாக்கத்தோடு சரிபார்ப்பு முத்திரையும் இடும் ஏஇஎஸ்-ஜிசிஎம் போன்ற முறையில், அந்த முத்திரையைச் சரிபார்த்த பிறகே விரியுங்கள். முத்திரை சரியாக இருந்தாலும் விரியும் அளவுக்கு உச்சவரம்பு வையுங்கள்.

சரி, எதை எடுப்பது? பேக்கப்புக்கு இசட்-ஸ்டாண்டர்ட், இயல்பான 3ஆம் சுருக்க நிலையிலேயே போதும் என்பது என் கருத்து. அதிகம் சுருக்குகிறதே என்று எக்ஸ்இசட் என்ற முறையை 9ஆம் நிலையில் வைத்தால் சுருக்கவே 674 எம்பி நினைவகம் கேட்கும். ஆலையின் பழைய கணினி திணறும். ஸ்கேன் செய்த பட்டாவின் ஜேபெக் படங்களைத் திரும்பச் சுருக்க வேண்டியதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று, அகராதி, அதாவது பதிவுகளில் அடிக்கடி வரும் துண்டுகளின் தொகுப்பு. சிறுசிறு பதிவுகள் நன்றாகச் சுருங்க, இசட்-ஸ்டாண்டர்டில் மாதிரிப் பதிவுகளைக் கொடுத்து ஓர் அகராதிக் கோப்பு தயாரிக்கலாம். அந்தக் கோப்பில் மாதிரிகளின் துண்டுகள் அப்படியே கிடக்கும். உண்மையான உறுப்பினர் பட்டியலைக் கொடுத்து அதைத் தயாரித்து மென்பொருளோடு சேர்த்து அனுப்பினால், பெயரும் கணக்கு எண்ணும் எந்தப் பூட்டும் இல்லாமல் ஒவ்வொரு கணினிக்கும் போய்ச்சேரும். மாதிரிக்குப் புனைபெயர்களும் போலி எண்களும் கொண்ட பதிவுகளைத் தயார் செய்யுங்கள். ஊர்ப் பெயர், பயிர் ரகம், நெடுவரிசைத் தலைப்பு ஆகியவை மட்டும் உண்மையாக இருந்தாலே நன்றாகச் சுருங்கும்.