முதல் சம்பளம் வரும்வரை 9,000 ரூபாய்

வெள்ளவத்தையில் அறை, கொள்ளுப்பிட்டியில் வேலை. 14ஆம் திகதி சேர்ந்தேன். சம்பளக் கணக்கை 10ஆம் திகதியே மூடிவிட்டார்களாம், இனி அடுத்த மாதம் 25தானாம். கையில் 9,000 ரூபாய். முதல் கிழமையே கடைச் சோற்றுப் பார்சலில் பாதி கரைந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. அம்மாவுக்கு ஒரு கோல். யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டியில் குத்தரிசி, மிளகாய்த்தூள், புழுக்கொடியல். அடியில் பேப்பரில் சுற்றிய பருத்தித்துறை வடை. ரைஸ் குக்கரில் சோறு, அதற்கு மேலேயே சின்னக் கிண்ணத்தில் மைசூர்ப் பருப்பு, மஞ்சள், ஒரு பச்சை மிளகாய். ஒரே கரண்டில் இரண்டும் அவிந்துவிடும். மிஞ்சிய பருப்பு இறுகினால் காலையில் பாணுக்கு அதைவிட என்ன வேணும்?

வேலைக்கு மெரைன் டிரைவ் வழியாக நடை, திரும்ப மட்டும் பஸ். வாடகைக்குத் தவணை கேட்கத்தான் நாக்கூசியது. வாயைத் திறக்கமுன்பே வீட்டுக்கார அன்ரி, "சம்பளம் வரட்டும் தம்பி" என்றார்.

வந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிப்பார்கள் என்பதை நான் யோசிக்கவேயில்லை. சரி, அதுவும் என் காசுதானே. முதலில் அன்ரியின் வாடகை, அப்புறம் ஒரு கொத்துரொட்டி.