மூன்று கரடிகளின் வழக்கு: தீர்ப்புச் சொல்லுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் வன்னிப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் வழக்காடு மன்றம் நடத்துவோர், சிறுவர் கதைப் பாத்திரமொன்றை எதிரிக்கூண்டில் ஏற்ற விரும்பினால், மூன்று கரடிகளின் வீட்டுக்குள் நுழைந்த பொன்முடிச் சிறுமியின் கதையை எடுத்துக்கொள்ளலாம். ஆளில்லாத வீட்டில் கஞ்சி குடிக்கப்பட்டிருக்கிறது, கதிரை உடைந்திருக்கிறது, கட்டிலில் ஒருத்தி தூங்குகிறாள். எல்லோரும் அறிந்த கதை என்பதால் பிள்ளைகள் சான்றை நிறுப்பதற்கு முன்பே தீர்ப்போடு வந்து அமர்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

எந்த வடிவத்தை வைத்து வழக்காடுகிறோம் என்று தீர்மானிக்காமல் தொடங்கவே கூடாது. 1837இல் ஆங்கிலக் கவிஞர் ரொபர்ட் சவுதி அச்சிட்ட வடிவத்தில் வீட்டுக்குள் நுழைபவள் ஒரு கிழவி. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் ஜோசப் கண்டல் என்ற பதிப்பாளரே அவளைச் சிறுமியாக மாற்றினார். இலங்கையில் குற்றப் பொறுப்புக்கான வயதெல்லை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் 12 ஆக உயர்த்தப்பட்டிருப்பதால், எதிரி கிழவியா பிள்ளையா என்பது வழக்கையே புரட்டிவிடும். ஆகவே நடுவர் ஒரே வடிவத்தை இரு தரப்புக்கும் எழுத்தில் கொடுத்து, எதிரியின் வயதையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

அந்த எழுத்துக்கு வெளியே உள்ளதை மன்றத்துக்குள் கொண்டுவருவது அடுத்த தவறு. வன்னியில் இது எளிதில் நேரும். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போனவர்களையும் தேனெடுக்கப் போனவர்களையும் கரடி தாக்கிய செய்திகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கரடி பொல்லாதது, சிறுமி உயிருக்குப் பயந்து ஓடினாள், ஆகவே அவள் குற்றமற்றவள் என்று வாதாடுவார்கள். எங்கள் காட்டுக் கரடியைப் பற்றிய அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கதையின் கரடிகள் தங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, யார் இதைச் செய்தது என்று கேட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மேலும், விழித்த பின் வந்த பயம் தூங்குமுன் செய்தவற்றுக்கு விளக்கமாகாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கதைசொல்லி அறிந்ததைச் சாட்சியின் வாயில் வைப்பது. குட்டிக் கரடி கூண்டில் ஏறி, "இவள் என் கஞ்சியைக் குடித்தாள், கதிரையை உடைத்தாள்" என்று சொன்னால், எதிரியின் சட்டத்தரணி உடனே எழுந்து, "நீர் கண்டீரா?" என்று கேட்க வேண்டும். அது கண்டவை வெறும் கிண்ணம், உடைந்த கதிரை, கட்டிலில் ஒருத்தி, அவ்வளவுதான். வாய்மொழிச் சான்று நேரில் கண்டவரிடமிருந்தே வர வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் உள்ள விதி. இதனால் வழக்கு விழுந்துவிடாது. தடயங்களைக் கொண்டும் குற்றத்தை நிரூபிக்கலாம், ஆனால் அந்தப் பாரம் வழக்குத்தொடுநருடையது. கதைசொல்லியின் அடைமொழிகளையும் இவ்வாறே விலக்க வேண்டும்: சவுதியின் வடிவத்தில், கிழவி கஞ்சியைத் தொடுமுன்பே அவள் நல்லவளாக இருக்க முடியாது என்று கதைசொல்லி தீர்ப்பளித்துவிடுகிறார்.

இரு தரப்புக்கும் ஒத்துப்போகும் சான்றை ஒரு தரப்புக்கு மட்டும் எழுதிக்கொள்வதும் தவறு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. கோவலன் கையில் சிலம்பு இருந்தது, அது அரசியின் சிலம்பைப் போலவும் இருந்தது. அவன் கள்வன் என்றாலும் கண்ணகியின் கணவன் என்றாலும் அந்த இரண்டும் அப்படியே இருந்திருக்கும். உடைத்துப் பார்த்தபோது உள்ளே முத்தா மாணிக்கமா என்பது மட்டுமே இரண்டையும் பிரித்தது; பாண்டியன் அதைக் கொலைக்குப் பின்னரே பார்த்தான். கரடிகளின் வழக்கிலும் அப்படிப் பிரிக்கும் கேள்விகளைத் தேட வேண்டும். வீட்டை விட்டுப் புறப்படும்போது கதிரை நல்ல நிலையில் இருந்ததா? கிண்ணத்தில் கஞ்சி இருந்ததைக் கடைசியாகக் கண்டது யார்? கதவு பூட்டியிருந்ததா?

எல்லாச் செயல்களுக்கும் ஒரே தீர்ப்பை வழங்குவதும் வழக்கமாக நடக்கிறது. அத்துமீறி நுழைதல், கஞ்சியைக் குடித்தல், கதிரையை உடைத்தல் ஆகியவை தனித்தனிக் குற்றச்சாட்டுகள்; ஒவ்வொன்றிலும் நோக்கத்தைத் தனியே நிறுவ வேண்டும். கிண்ணத்தை முழுவதும் வழித்துக் குடித்தவள் தெரிந்தே குடித்தாள் என்று கொள்ளலாம். பாரம் தாங்காமல் முறிந்த கதிரைக்கு அப்படிச் சொல்ல இயலாது. என் மதிப்பீட்டில் எதிரி 12 வயதைக் கடந்தவளாக இருந்தாலும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவளை விடுதலை செய்வதே சரி.