பழைய மசில் கார்ல ஷிஃப்டர் மாத்துறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஆட்டோமேட்டிக் கியர் மசில் கார்ல (1960-70கள்ல வந்த பெரிய இன்ஜின் அமெரிக்க கார்) ஷிஃப்டர், அதாவது உள்ள ஒக்காந்து கியர் போடுற அமைப்ப, மாத்தணும்னா எல்லாரும் மொதல்ல பாக்குறது கைப்பிடி அழகா இருக்கா, சீட்டுக்கு நடுவுல இருக்குற கன்சோல் பெட்டில பொருந்துமா, இதத்தான். ஆனா கியர்பாக்ஸ் பொழைக்கிறதும் சாகுறதும் வண்டிக்கு அடியில, ஷிஃப்டர் கேபிள் போய் கியர்பாக்ஸ்ல மாட்டுற அந்த சின்ன லீவர்லதான் இருக்கு.

1968-72 ஷெவர்லே ஷெவெல் காரையே எடுத்துக்குங்க. நெறைய வண்டில பவர்கிளைடுங்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான், ரெண்டே கியர், பார்க், ரிவர்ஸ், நியூட்ரல் சேத்து ஷிஃப்டர்ல அஞ்சு பொசிஷன். அத கழட்டிட்டு மூணு கியர் டர்போ 350 போட்டா ஆறு பொசிஷன், நாலு கியர் 700ஆர்4 போட்டா ஏழு, ஆனா மேல அதே பழைய ஷிஃப்டர விட்டுட்டு ஏன் ஃபர்ஸ்ட் கியருக்கு இழுக்க முடியலன்னு கேக்குறாங்க. அதுக்காக கைப்பிடி குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச அந்த ஒரிஜினல் ஷிஃப்டர தூக்கிப் போட்றாதீங்க ப்ளீஸ், உள்ள ஒவ்வொரு பொசிஷன்லயும் கைப்பிடிய நிறுத்துற பள்ளம் வெட்டின தகடு (டிடென்ட் பிளேட்) அத மட்டும் மாத்துற கிட் கிடைக்குது.

அடுத்தது கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், பெரிய தப்பே இங்கதான். பார்க்ல மட்டும் சரி பாத்துட்டு ஓட்ட ஆரம்பிச்சிடுறாங்க. கியர்பாக்ஸ் லீவர் அந்தந்த கியருக்கான குழில கரெக்டா விழாம பாதில நின்னா, உள்ள ஆயில திருப்பி விடுற மேனுவல் வால்வும் பாதிதான் தொறக்கும், ஆயில் பிரஷர் கொறையும், கிளட்ச் வழுக்கி வழுக்கி கருகிடும், ஷிஃப்டர் என்னமோ டிரைவ்னுதான் காட்டும். அதனால வீல் ரெண்டு பக்கமும் கட்டை வச்சு, இன்ஜின் ஆஃப்ல, ஒருத்தர் மேல ஒவ்வொரு கியரா போடட்டும், நீங்க அடியில படுத்து கேபிள் பின்ன கழட்டிட்டு லீவர கையால அசைச்சு அது தானா "டக்"னு உக்காருற எடத்தப் பாருங்க, திரும்ப மாட்டும்போது பின் தள்ளாம இழுக்காம தானா உள்ள போகணும், கடைசி கியர் வரைக்கும்.

700ஆர்4-ல கார்புரேட்டர்லேர்ந்து வர்ற டிவி கேபிள் (த்ராட்டில் வால்வு கேபிள், ஆக்சிலரேட்டர் அழுத்துறதுக்கு ஏத்த மாதிரி கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர மாத்துறது) வேற, ஷிஃப்ட் கேபிள் வேற. டிவி கேபிள் லூசா இருந்தா ஷிஃப்டர் எவ்ளோ நல்லதா இருந்தாலும் பாக்ஸ் சீக்கிரமே எரிஞ்சிடும்.

ஷிஃப்டர ஸ்டியரிங் தண்டுலேர்ந்து (காலம்) ஃப்ளோருக்கு மாத்துறவங்க, பார்க் இல்ல நியூட்ரல்ல மட்டும் ஸ்டார்ட் ஆக விடுற நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் வயர் ரெண்டையும் முறுக்கி ஒட்ட வச்சிடுறாங்க. தயவுசெஞ்சு வேணாம். கியர்ல இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகி வண்டி பாஞ்சிடும், முன்னாடி ஆள் நின்னா என்ன ஆகும்? புது ஷிஃப்டர்லயே சுவிட்ச் மாட்ட எடம் இருக்கும், ரிவர்ஸ் லைட்டுக்கும் சேத்து.

அப்புறம் ஷிஃப்ட் கேபிள், இன்ஜின்லேர்ந்து சூடான புகை வர்ற ஹெடர் பைப் பக்கத்துல போகக்கூடாது, உறை உருகி உள்ள கம்பி இறுகிக்கும். சட்டுனு மடிக்காம பெரிய வளைவா கொண்டு போங்க. மொத தடவ நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டி, ஆறினதும் அடியில படுத்து உறை எங்கயாவது பளபளன்னு இளகியிருக்கான்னு பாத்துக்குங்க.