இரட்டை மைக்ரோகேவிட்டி: ஒரு பள்ளம் இரண்டு ஆவதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

மைக்ரோகேவிட்டி என்பது, ஒளியை எதிரொளிக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியைப் பிடித்துவைக்கும் மெல்லிய அடுக்கு. அது வடிவமைக்கப்பட்ட அலைநீளத்தில் மட்டும் எதிரொளிப்பு சட்டெனக் குறையும்; வரைபடத்தில் அதுதான் பள்ளம். 950 நானோமீட்டருக்கு வடிவமைத்த இரண்டு மைக்ரோகேவிட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எதிரொளிப்பு வரைபடத்தில் 950-இல் பள்ளம் இருக்காது. அதற்கு இருபக்கமும் ஒவ்வொன்று விழும். நடுக் கண்ணாடி வழியே ஒளி அங்கும் இங்கும் போய்வருவதால் வரும் பிளவு இது.

தேவை: பைத்தான் நிரல்மொழி, அதன் கணித நூலகமான நம்பை (NumPy). தட்டையான அடுக்குகளுக்கு 2×2 அணி முறையே போதும். பெரிய சிமுலேஷன் மென்பொருள் வேண்டாம், குருவியைச் சுட பீரங்கி எதற்கு?

படி 1: தடிமன். ஒளிவிலகல் எண் காலியம் ஆர்செனைடுக்கு 3.54, அலுமினியம் ஆர்செனைடுக்கு 2.95. கண்ணாடிகள் இந்த இரண்டும் மாறிமாறி வரும் கால் அலை அடுக்குகளால் ஆனவை (950-ஐ நான்காலும் ஒளிவிலகல் எண்ணாலும் வகுத்த தடிமன்): முறையே 67.1, 80.5 நா.மீ. கேவிட்டி காலியம் ஆர்செனைடு, ஒரு முழு அலை, 268.4 நா.மீ.

படி 2: வரிசை. காற்று, 16 ஜோடி (இரண்டு பொருளிலும் ஒவ்வோர் அடுக்கு சேர்ந்தது ஒரு ஜோடி), கேவிட்டி, நடுக் கண்ணாடி, கேவிட்டி, 20 ஜோடி, காலியம் ஆர்செனைடு அடிமானம். கேவிட்டியைத் தொடுவது எப்போதும் அலுமினியம் ஆர்செனைடுதான். நடுக் கண்ணாடியில் அது 10 அடுக்கு, காலியம் ஆர்செனைடு 9. மாற்றி வைத்தால் கேவிட்டி கால் அலை நீண்டுவிடும்; பள்ளம் எங்கோ போய் நிற்கும்.

படி 3: அணிகள். ஒவ்வொரு அடுக்குக்கும் அணி எழுதி, மேலிருந்து கீழாகப் பெருக்குங்கள்.

படி 4: அலைநீளம். பலரும் சறுக்குவது இங்கேதான். கோடு சரியாக வரும், பள்ளம் மட்டும் இருக்காது. நிரலில் தவறைத் தேடி ஒரு மாலையே போய்விடும். இந்த அமைப்பில் பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 0.06 நா.மீ.தான். 0.5 நா.மீ. இடைவெளியில் நடந்தால் தாண்டிப் போய்விடுவோம். 0.005 வையுங்கள்.

அப்படியும் பள்ளம் ஆழமில்லையா? மேலும் கீழும் ஒரே எண்ணிக்கை ஜோடி வைத்திருப்பீர்கள். மேலே காற்று இருப்பதால் மேல் கண்ணாடிக்கு எதிரொளிப்பு கூடுதல். கீழே மூன்று நான்கு ஜோடி அதிகம் வைத்தால்தான் ஈடாகும். அதற்காக இருபது கூட்டிவிடாதீர்கள். உறிஞ்சலே இல்லாத கணக்கில் வெளியேற வழியின்றி முழு ஒளியும் திரும்பிவிடும், பள்ளமே மறையும்.

எல்லாம் சரியென்றால் பிளவு, அதாவது இரண்டு பள்ளங்களுக்கும் இடைவெளி, 14 நா.மீ.-ஐ ஒட்டி வரும். நடுவில் ஒரு ஜோடி கூட்டினால் பிளவு சுமார் 0.83 மடங்காகும் (2.95 வகுத்தல் 3.54). அங்கே அலுமினியம் ஆர்செனைடு 20 அடுக்கு ஆனால் 2 நா.மீ. பக்கம்.

பின்சேர்க்கை 1: எதிரொளிப்பு 1-ஐத் தாண்டுகிறதா? ஒளிவிலகல் எண்ணில் நீங்கள் சேர்த்த உறிஞ்சல் பகுதியின் கூட்டல், கழித்தல் குறி மாறியிருக்கிறது. பொருள் ஒளியை விழுங்காமல் பெருக்குகிறது.

பின்சேர்க்கை 2: அளவீட்டோடு ஒப்பிடுவோர் அறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். டிகிரிக்கு ஏறக்குறைய 0.07 நா.மீ. நகரும். 20 டிகிரி ஏசி அறைக்கும், மின்சாரம் போன சென்னை மே மாத மதியத்துக்கும் 1 நா.மீ. வித்தியாசம். இரண்டு பள்ளமும் சேர்ந்தே நகரும். இடைவெளியும் மாறினால் சூடு காரணமில்லை. இரண்டு கேவிட்டிகளின் தடிமன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.