வேறு டிகிரி முடித்தவர்கள் அமெரிக்காவில் நர்ஸ் ஆவது எப்படி? ஏ.பி.எஸ்.என். விண்ணப்பம், படிப்படியாக

பி.இ. முடித்துவிட்டு எட்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். 37 வயதில் நியூ ஜெர்சியில் நர்சிங் சேர்ந்தபோது அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி: "மறுபடியும் நாலு வருஷமா?" நாலு வருடம் தேவையில்லை. ஏற்கெனவே ஏதோ ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கென்றே அங்கே ஒரு படிப்பு இருக்கிறது. ஆக்ஸிலரேட்டட் பி.எஸ்.என். (வேகமாக முடியும் நர்சிங் இளங்கலை), சுருக்கமாக ஏ.பி.எஸ்.என். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கி வைத்த முறை இது. இன்று பெரும்பாலான இடங்களில் 11 முதல் 18 மாதத்தில் முடிகிறது. கையில் கிடைக்கும் பட்டமும், அதன்பின் எழுதும் என்கிளெக்ஸ் உரிமத் தேர்வும், நான்கு வருடம் படித்தவர்களுக்கு உள்ளவைதான்.

ஆனால் நான் சேர்ந்த 15 மாதப் படிப்புக்குள் நுழைவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. என்னிடம் பேசுகிறவர்கள் பாதிப் பேர், "கட்டுரை எப்படி எழுதணும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். விண்ணப்பத்தோடு தரும் அந்தக் கட்டுரை கடைசியில் வருவது. முதலில் வேண்டியது ஒரு காலண்டர்.

படி 1: விசாவையும் உரிமத்தையும் பார்த்துவிடுங்கள்

ஒரு டாலர் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்கான விசா) இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம், அதற்காக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. சிக்கல் படித்து முடித்த பிறகுதான். எச்-4இல் வேலை பார்க்க இ.ஏ.டி. எனும் வேலை அனுமதி அட்டை வேண்டும். பொதுவாக, கணவர் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) அங்கீகரிக்கப்பட்டிருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். "ஆஸ்பத்திரிக்காரர்கள் எச்-1பி போட்டுத் தருவார்கள்" என்று நம்பி இறங்க வேண்டாம். இரண்டு வருட டிப்ளமா போன்ற படிப்பிலேயே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் வாங்க முடியும் என்பதால், சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி கிடைப்பது கடினம். எஃப்-1இல் படித்தால் ஒரு வருடம் ஓ.பி.டி. எனும், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி உண்டு. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கிற ஸ்டெம் நீட்டிப்பு நர்சிங்குக்குக் கிடையாது.

கிரீன் கார்டு விஷயத்தில் ஒரு சலுகை இருக்கிறது. நர்ஸ் வேலை, ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கான 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் இருப்பதால், அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் பெர்ம் நடைமுறையே தேவையில்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை அப்படியேதான் நிற்கும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் கட்டணம் கொடுத்துப் பேசுவது வீண் செலவில்லை.

அப்புறம், நீங்கள் உரிமம் வாங்கப்போகும் மாநிலத்தின் நர்சிங் போர்டு இணையதளத்தைப் பாருங்கள். சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் உரிமம் தருவதில்லை.

படி 2: நான்கைந்து கல்லூரிகள், அதற்கு மேல் வேண்டாம்

முதல் சல்லடை அங்கீகாரம். நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரமும் மாநில போர்டின் அனுமதியும் இல்லாத கல்லூரியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். இரண்டாவது சல்லடை தூரமும் கட்டணமும். உங்கள் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க்காரர் கட்டணத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் இடங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரியது. ஸ்டோனி புரூக், டெக்சஸ் டெக் மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனங்களில் 12 மாதப் படிப்பு இருக்கிறது. பிலடெல்பியாவின் டிரெக்சல் 11 மாதத்தில் பிழிந்து எடுக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இப்போது இளங்கலையை விட்டுவிட்டு, வேறு பட்டம் உள்ளவர்களை நேராக முதுகலை நர்சிங்கில் சேர்க்கிறது.

கையில் பணம் குறைவு, குழந்தைகள் சிறியவர்கள் என்றால் கம்யூனிட்டி காலேஜ் எனும் உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில் அசோசியேட் டிகிரி படிப்பது கேவலமில்லை. அவர்களும் அதே என்கிளெக்ஸ்தான் எழுதுகிறார்கள். ஆனால் பெரிய மருத்துவமனைகள் பலவும் பி.எஸ்.என். கேட்கின்றன. நியூயார்க்கில் 2017-இல் வந்த சட்டப்படி, புதிதாக உரிமம் பெறும் நர்ஸ்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும்.

கல்விக் கடன் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் இருப்பதால் பெல் கிராண்ட் எனும் அரசு உதவித்தொகை கிடைக்காது. எச்-4, எஃப்-1இல் இருப்பவர்களுக்கு மத்திய அரசுக் கடனும் கிடையாது. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்கள் நர்ஸ் கோர் உதவித்தொகையைத் தேடிப் பாருங்கள். கட்டணத்தை அரசு கட்டும், பதிலுக்கு ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும்.

படி 3: ஒரு அட்டவணை போடுங்கள்

எக்செல் திறந்து, மேலே கல்லூரிப் பெயர்களையும் இடப்பக்கம் பாடங்களையும் எழுதுங்கள். முன்தேவைப் பாடங்களைப் பேச்சில் எல்லோரும் 'ப்ரீரெக்' என்பார்கள். அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி ஒன்று, இரண்டு, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாடிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், மனித வளர்ச்சி உளவியல் ஆகியவை பெரும்பாலும் வரும். அறிவியல் பாடங்களுக்கு லேப் கட்டாயம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: வேண்டுமா, குறைந்தபட்ச கிரேடு என்ன, எத்தனை வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும்.

அந்த மூன்றாவதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது. பல கல்லூரிகள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேற்பட்ட அறிவியல் பாடத்தை ஏற்பதில்லை. நான் பி.இ. முதல் வருடத்தில் படித்த கெமிஸ்ட்ரி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

படி 4: ஊர் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலுக்கு) அதே வாரம் ஆள் அனுப்புங்கள்

இந்தியப் பட்டத்தை அப்படியே ஏற்க மாட்டார்கள். டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற நிறுவனம் மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது பாடவாரியான மதிப்பீட்டைத் தேர்ந்தெடுங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று மொத்த மதிப்பீட்டை வாங்கினால் திரும்பவும் பணம் கட்ட நேரிடும். பி.காம்., பி.எஸ்சி. போன்ற மூன்று வருடப் பட்டத்தை எல்லா இடத்திலும் அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அந்தக் கேள்வியைக் கல்லூரிக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

என்னை அலையவைத்தது பெயர். என் மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் லைசென்ஸில் கணவர் பெயர். மதிப்பீடு செய்கிறவருக்கு இது மூன்று பெண்கள்! விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள்' என்ற பெட்டி வரும்போது மார்க் ஷீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து, புள்ளி உட்பட எழுதுங்கள். பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்தே போக வேண்டும், நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்புவது செல்லாது. காகிதமாகப் போகிறதென்றால் கவரின் ஒட்டும் இடத்தின் மேல் கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். என் முதல் கவரில் முத்திரை ஒட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி விழுந்திருந்தது. திருப்பிவிட்டார்கள். தம்பி மறுபடி லீவு போட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் நின்றான். ஒரு செமஸ்டரே போய்விட்டது.

படி 5: கம்யூனிட்டி காலேஜில் அறிவியல்

அனாட்டமி ஒன்று முடித்தால்தான் இரண்டு எடுக்க முடியும். ஆக இரண்டு செமஸ்டர் உறுதி. இதில் ஏ வாங்குவதுதான் முழு விண்ணப்பத்திலும் அதிக எடை உள்ள வேலை. பழைய பட்டத்தின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக் குழு மாற்றி மாற்றிப் பார்த்தாலும், நேற்று எடுத்த அறிவியல் கிரேடுதான் அவர்களுக்குப் புரியும் மொழி.

லேப் தேர்வு எப்படி நடக்கும் தெரியுமா? மேசைக்கு மேசை எலும்பும் மாடலும் வைத்து, ஊசி குத்தி எண் போட்டிருப்பார்கள். மணி அடித்ததும் அடுத்த மேசை. ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போச்சு. இலியம் என்று இரண்டு சொல் இருக்கிறது, உச்சரிப்பும் ஒன்று. ஆங்கிலத்தில் நடுவில் 'ஐ' (i) வந்தால் இடுப்பெலும்பு, 'ஈ' (e) வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. நான் இடுப்பில் குடலை எழுதிவிட்டு வந்தேன். மாடலை மொபைலில் படமெடுத்து, படத்தைப் பார்த்துக் கையால் எழுதிப் பழகுங்கள். ஃபிளாஷ் கார்டைப் புரட்டினால் மட்டும் எழுத்து மனதில் நிற்காது.

படி 6: டீஸ் அல்லது ஹெசி

எந்த நுழைவுத் தேர்வு என்பதைக் கல்லூரி சொல்லும். சில இடங்கள் எதையும் கேட்பதில்லை. டீஸ் 170 கேள்வி, 209 நிமிடம். கணக்கில் நமக்குப் பயமில்லை, பவுண்டும் அவுன்ஸும் கப்பும்தான் தகராறு. அறிவியல் பகுதியில் உடற்கூறு கேள்விகள்தான் அதிகம் என்பதால் அனாட்டமி இரண்டு முடித்த சூட்டோடு எழுதிவிடுங்கள். மறுபடி எழுத எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எத்தனை முறை எழுதலாம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

படி 7: பரிந்துரைக் கடிதம், கொஞ்சம் களம்

பத்து வருடத்துக்கு முந்தைய கல்லூரிப் பேராசிரியரைத் தேடாதீர்கள். அனாட்டமி ஆசிரியரிடம் முதல் மாதமே ஆபீஸ் அவர்ஸில் போய் உட்காருங்கள். மருத்துவமனையில் வாலண்டியராக வாரம் நான்கு மணி நேரம் போனாலே போதும். வேலை அனுமதி இருந்தால் சி.என்.ஏ. எனும் நர்ஸ் உதவியாளர் பயிற்சி இன்னும் நல்லது. மத்திய அரசு விதிப்படி அதற்குக் குறைந்தது 75 மணி நேரம், சில மாநிலங்களில் கூடுதல்.

படி 8: நர்சிங்கேஸ்

பல கல்லூரிகள் இந்தப் பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான் வாங்குகின்றன. அமெரிக்காவில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்ட்டில் உள்ள எண், பெயர், கிரெடிட்டோடு நீங்களே தட்ட வேண்டும். இடையில் விட்ட பாடத்தையும் மறைக்காதீர்கள். தட்டியதை அவர்கள் டிரான்ஸ்கிரிப்ட்டோடு வைத்துச் சரிபார்ப்பார்கள், தப்பிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். இதற்கே சில வாரம் போகும் என்பதால், கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சமர்ப்பித்துவிடுங்கள்.

படி 9: கட்டுரையும் நேர்காணலும்

சரி, இப்போது கட்டுரை. என் முதல் வரைவு, "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ வேண்டும் என்ற ஆசை" என்று தொடங்கியது. அனாட்டமி ஆசிரியர் படித்துவிட்டு, "இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே" என்றார். உண்மைதான். வாலண்டியராகச் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஷிஃப்ட் மாறுவதைப் பார்த்திருந்தேன். போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் நோயாளியின் கட்டிலருகே நின்று, சொட்டு மருந்து பம்பில் ஓடும் எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் ஆர்டரோடு ஒப்பிட்டார். எட்டு வருடம் நான் செய்த வேலை அதுதான், ஒருவர் செய்ததை இன்னொருவர் நம்பாமல் சரிபார்ப்பது. இரண்டாவது வரைவு அந்தப் பம்பில் தொடங்கியது.

உங்களுடையது வங்கியாகவோ வகுப்பறையாகவோ இருக்கலாம். பழைய வேலையை விட்டு ஓடி வருவதுபோல் எழுத வேண்டாம், அதிலிருந்து எதை எடுத்து வருகிறீர்கள் என்று ஒரே ஒரு காட்சியில் காட்டுங்கள். நேர்காணலில் "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று அநேகமாகக் கேட்பார்கள். உண்மையான தவறையே சொல்லுங்கள். அதை யாரிடம், எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதைத்தான் அவர்கள் காதில் வாங்குகிறார்கள்.

படி 10: இடம் கிடைத்ததும்

முன்பணம் கட்டியவுடன் ஒரு சுகாதாரப் பட்டியல் வரும். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதென்று ரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் இந்தப் பரிசோதனை போதும். ஹெபடைடிஸ் பிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்று வந்தால் வழக்கமான மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும். அதனால் இடம் கிடைக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பி.எல்.எஸ். எனும் உயிர்காப்பு முதலுதவிச் சான்றிதழ், பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை எல்லாம் சுலபம்.

காசநோய்ச் சோதனைக்குப் போகும்போது மட்டும் இடது தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஊசி போட்டவர்களுக்கு, நோய் இல்லாவிட்டாலும் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை வீங்கிக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று இழுக்கும். குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனைக்கு அந்தத் தழும்பு தொல்லையில்லை. கல்லூரி அதை ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு அதையே எடுங்கள்.