ஆறாம் மாதத்துக் குழந்தை: எதைப் பார்ப்பது, எதைச் செய்வது

4 மாதம் தாண்டியதும் குப்புற விழ ஆரம்பிக்கும், அப்புறம் கட்டிலில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், தரையில் பாய் விரித்துவிடுங்கள். முழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, கைக்குக் கொஞ்சம் எட்டாமல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். 6 மாத வாக்கில் எட்டிப் பிடிக்கும், வாயில் வைக்கும், கொஞ்ச நாளில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். இந்தக் கை மாற்றுவது பெரிய விஷயம், கவனியுங்கள்.

உட்கார அவசரமில்லை. முதலில் கையை முன்னால் ஊன்றித் தவளை மாதிரி உட்காரும், பிடிமானமில்லாமல் உட்கார 8, 9 மாதம்கூட ஆகலாம். வாக்கர் வேண்டவே வேண்டாம், மாமன் சீராக வந்தாலும் பரணுக்குத்தான்.

6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சாப்பாடு. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கேழ்வரகுக்கா பஞ்சம்? ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்த பாலைக் கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள்; கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் மெதுவாக வழிய வேண்டும். நாக்கில் தேன் தடவுவது மட்டும் 1 வயது வரை கூடாது.

6 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது என்றால், "அவங்கப்பனும் லேட்டுதான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் நேராகத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும், டாக்டர் முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.