டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: துப்பாக்கி விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

வீடு பிடிப்பது, கார் வாங்குவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது என்று வந்த முதல் சில மாதங்கள் ஓடிவிடும். துப்பாக்கியைப் பற்றி யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி, "அங்க எப்பப் பார்த்தாலும் சுட்டுக்கிறாங்களாமே" என்று கேட்கும்போதுதான் அந்தப் பேச்சே வருகிறது. அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2023 மே மாதம் டல்லாஸ் பக்கத்தில் ஆலன் ஊர்க் கடைவளாகத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஹைதராபாத்திலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளரும் ஒருவர். நம்மில் பலர் வார இறுதியில் போய்வந்த இடம் அது. ஆனாலும் விசாவில் வந்த ஒரு குடும்பம் தினசரி கவனிக்க வேண்டியவை இன்னும் சாதாரண இடங்களில் இருக்கின்றன: நண்பர்களோடு போகிற ஷூட்டிங் ரேஞ்ச் (காசு கொடுத்துத் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்), வீடு மாறித் தட்டுகிற கதவு, பிள்ளை விளையாடப் போகிற வீட்டின் அலமாரி. இவற்றில் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் இந்த ஊர் நிலவரம். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பேசும் அரசியல் சட்டத் திருத்தம் 1791இல் வந்தது. அது தனிமனித உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் உரிமம் வாங்காமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். காரிலும் வைத்துக்கொள்ளலாம். மளிகைக் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் இடுப்பு உறையில் துப்பாக்கி தெரிந்தால் பதற வேண்டாம். அது மட்டும் குற்றமல்ல. அதைக் கையில் எடுத்து யாரையாவது மிரட்டினால், வாக்குவாதம் செய்யாமல் வெளியேறி, அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிடுங்கள். கடை வாசல்களில் 30.06, 30.07 என்று எண் போட்ட பலகைகளைப் பார்ப்பீர்கள். உரிமம் வைத்திருப்பவர் மறைத்துக்கூடத் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்பது முதலாவது, வெளியே தெரியும்படி கொண்டுவரக் கூடாது என்பது இரண்டாவது.

விசாவில் இருப்பவர் தொடவே கூடாது

மேலே சொன்ன உரிமையில் உங்களுக்குப் பங்கில்லை என்பதை வந்த வாரமே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சட்டப்படி, தற்காலிக விசாவில் இருப்பவர்கள், அதாவது எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாரும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. பார்க்க வந்த அப்பா அம்மாவின் பி-2 விசாவும் இதில் அடக்கம். மாநிலம் மாறினாலும் இது மாறாது. அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. தண்டனை முடிந்ததும் நாடு கடத்தலும் வரும்.

இங்கே "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிடம் சுடுவதும் அதில் சேரும். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அலுவலக டீம் வெளியே போகிறது. சக ஊழியர் அன்பாகத்தான் கூப்பிடுகிறார். அவருக்கு இந்தச் சட்டம் தெரியாது. போகிறோம், சுடுகிறோம், படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். அந்தப் படம் உங்களுக்கு எதிராக நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி. விசா விசாரணையில் சமூக வலைதளக் கணக்குகளையும் பார்க்கிறார்கள்.

இது ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் ஃபுளோரிடாவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதற்காக அவர் மீது வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. உங்களிடம் எச்-1பி இருப்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா? அப்படியானால் அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. "முப்பது டாலர், நாற்பது டாலர் கொடுத்து அதை வாங்கிவிட்டால் போதும்" என்று சொல்பவர்களைச் சந்திப்பீர்கள். ஒரு பொழுதுபோக்குக்காகப் பல வருட உழைப்பைப் பணயம் வைக்கச் சொல்லும் யோசனை அது. நிஜமாகவே வேட்டையில் ஆர்வம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் ஆலோசனை வாங்கிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால், "என் விசாவில் அனுமதி இல்லை, நான் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிரீன் கார்டு வந்தபின் வாங்கலாம். ஆனால் அதன் பிறகும் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்த சட்டத்தில் இடம் இருக்கிறது. குடியுரிமை வாங்கும் வரை அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்.

கதவும் காரும்

2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் தெரு மாறி வேறு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னாலிருந்து சுட்டார். பையன் உயிர் பிழைத்தான். அதே வாரம் நியூயார்க் மாநிலத்தில் தவறான வீட்டு வழியில் காரைத் திருப்பிய 20 வயதுப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். 1992இல் லூசியானாவில் ஹாலோவீன் விருந்துக்கு வீடு தேடிப் போன ஜப்பானிய மாணவர், அவருக்கும் 16 வயதுதான், இப்படியே இறந்தார். இவை தினம் நடப்பவை அல்ல. ஆனால் கொலு பார்க்கவும் பிறந்தநாளுக்கும் புது வீடுகளைத் தேடி இரவில் அலைகிறவர்கள் நாம்.

அதனால் எண்ணைச் சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் தெருவில் காரை நிறுத்தி அங்கிருந்தே போன் பண்ணுங்கள். மணி அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கேமராவுக்கும் விளக்குக்கும் முகம் தெரியும்படி நில்லுங்கள். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது, பக்கவாட்டுக் கதவைத் திறந்து பின்பக்கம் போவது இரண்டும் கூடவே கூடாது.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலை நடையின்போது அடுத்தவர் தோட்டத்துச் செம்பருத்தியைப் பூஜைக்குப் பறிப்பது நம் ஊரில் உரிமை மாதிரி. கேட்டால்கூடச் சிரித்துவிட்டுப் போவார்கள். இங்கே அதை அத்துமீறலாகப் பார்ப்பவர்கள் உண்டு. பூச்செடி இரண்டு வாங்கி உங்கள் பால்கனியில் வைத்துக் கொடுங்கள். குறுக்கு வழி என்று புல்வெளியில் நடக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

போலீஸ் காரை நிறுத்தச் சொன்னால் நம் வழக்கம் இறங்கிப் போய்ப் பணிவாகப் பேசுவது. இங்கே அந்தப் பணிவே ஆபத்து. நிறுத்துகிற ஒவ்வொரு காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்று நினைத்துத்தான் அதிகாரி வருவார். வலது ஓரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரவானால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து உட்காருங்கள். லைசென்ஸ் கேட்டால், "பின்பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். சாலையில் ஒருவர் வெட்டி முன்னால் நுழைந்தால் ஹாரன் அடித்துக் கையை ஆட்டாதீர்கள். பின்னாலேயே துரத்தி வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ ஓட்டிக்கொண்டே 911ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகள்

2022 மே 24 அன்று யுவால்டே ஊர்த் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டதிலிருந்து இந்த மாநிலப் பள்ளிகள் ரொம்பவே மாறிவிட்டன. லாக்டவுன் பயிற்சி எல்லாப் பள்ளியிலும் நடக்கும்: கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கண்ணில் படாத மூலையில் சத்தமில்லாமல் உட்காருவது. ஐந்து வயதுக் குழந்தைகூட இதைச் செய்துவிட்டு வந்து சாப்பிடும்போது சொல்லும். கேட்கிற நமக்கு வயிற்றைப் பிசையும். முகத்தில் காட்டாமல், "டீச்சர் சொன்னபடி செய்தாயா, நல்லது" என்று சொல்லுங்கள். பள்ளியிலிருந்து "செக்யூர்" என்று செய்தி வந்தால் ஆபத்து வெளியே, பிள்ளைகள் உள்ளே பாதுகாப்பாக வகுப்பு நடக்கிறது என்று பொருள். "லாக்டவுன்" என்றால் ஆபத்து உள்ளே. எதுவானாலும் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள். பெற்றோர் எங்கே வர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

பெரிய பிள்ளைகளிடம் ஒன்று கறாராகச் சொல்லிவிடுங்கள். "சுட்டுடுவேன்" என்று விளையாட்டாகக்கூடப் பள்ளியிலோ குழுச் செய்தியிலோ எழுதக் கூடாது. கைது வரை போகும்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் பிள்ளையின் நண்பன் வீட்டில் இருக்கலாம். விளையாட அனுப்புமுன் கேளுங்கள்: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" நமக்கு இது கூச்சம். நாய் இருக்கிறதா, நிலக்கடலை ஒவ்வாமை என்றெல்லாம் சொல்லும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் சரியாகப் போகும். குழந்தை மருத்துவர்களே இப்படிக் கேட்கச் சொல்கிறார்கள். 2020 முதல் இந்த நாட்டில் குழந்தைகளும் பதின்ம வயதினரும் இறப்பதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அங்கிருந்து வெளியே வா, பெரியவரிடம் சொல் என்று பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

தீபாவளிக்குத் தாத்தா வாங்கி அனுப்பும் பொட்டுவெடித் துப்பாக்கி வீட்டுக்கு வெளியே போகவே கூடாது. 2014இல் கிளீவ்லாண்டில் பொம்மைத் துப்பாக்கியோடு பூங்காவில் இருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

கிரீன் கார்டுக்குப் பிறகு வாங்கலாமா?

நம் குடும்பங்களில் இப்போது இந்தக் கேள்வி நிறையவே வருகிறது. வீட்டில் திருட்டு நடந்த செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றினால் போதும். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வேலை போய், வேறு வேலை தேட எச்-1பியில் தரும் 60 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்க, யாரிடமும் சொல்லாமல் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். மனம் உடைந்த அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மனம் மாற அவகாசமே கிடைப்பதில்லை. அப்படி யாரையாவது தெரிந்தால் போய்ப் பாருங்கள், கூடவே இருங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இதையும் தாண்டி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பூட்டும் பெட்டி முதலில் வரட்டும். முறையான பயிற்சி எடுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள். பல காவல் துறைகள் துப்பாக்கிப் பூட்டை இலவசமாகவே தருகின்றன. வேறு மாநிலத்துக்கு மாறும்போது அந்த ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள்: கலிஃபோர்னியாவில் வாங்கிய துப்பாக்கி கைக்கு வர 10 நாள் காத்திருக்க வேண்டும், இல்லினாயில் அதற்கென்றே மாநில அடையாள அட்டை வேண்டும்.

ஊருக்குப் போகும்போது, ரேஞ்சுக்கோ வேட்டைக்கோ கொண்டுபோன பையில் துணி அடுக்காதீர்கள். மடிப்பில் மாட்டிய ஒரே ஒரு தோட்டா போதும். சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும். தெரியாமல் பையில் இருந்தது என்பதை நீதிமன்றத்தில் போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கும்.